மூன்றாவது மூட்டை

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசருக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அன்பாக வைத்த பெயர் இல்லை, எரிச்சலில் வைத்தது. இன்றைக்கு அந்தப் பெயரை வேறு யாராவது கிண்டலாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நான் சொல்லலாம், என் மகள் சொல்லலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கட்டும்.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. துவைக்கிற மெஷின் ஆறு, உலர்த்துகிற மெஷின் மூன்று, விரிப்புகளை இழுத்துத் தேய்த்துத் தள்ளுகிற பெரிய உருளை ஒன்று. மூன்று மாடிகளிலிருந்தும் அழுக்குத் துணி ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப்பென்று வந்து விழும். அந்தக் குழாய்க்கு ‘வாய்’ என்று பெயர். ‘வாய் கத்துது, போய்ப் பாரு’ என்றால் மூட்டை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் சொல்லப்போவது நடந்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்து எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. தராசு எனக்கு ஆறு வருடம் கழித்து வந்தவள், வயதிலும் இரண்டு வருடம் சின்னவள். அதற்கு முன்னால் ஒரு தானியக் கிடங்கில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாளாம். அவளைத் தூக்கி எனக்கு மேலே சூப்பர்வைசராக வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எரிந்தது எரிந்ததுதான்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு மூட்டையையும் கையில் தூக்கிப் பார்ப்பாள். “ரெண்டு இருநூறு” என்பாள். பிறகு எடைமெஷினில் வைப்பாள். இரண்டு கிலோ இருநூறு இருக்கும், மிஞ்சிப்போனால் ஐம்பது கிராம் முன்னே பின்னே. மெஷினுக்குள் அளவுக்கு மேல் திணித்தால் துணி வெளுக்காது என்பதற்காகத்தான் எடை. அதற்கு எடைமெஷின் ஒன்று போதாதா? கையால் வேறு தூக்கிப் பார்க்க வேண்டுமா? அந்தக் கடுப்பில்தான் பெயர் வைத்தேன்.

அடுத்ததாக ஒரு சட்டம் கொண்டுவந்தாள். மேலே வார்டில் துணி கட்டும் ஆயாக்கள் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு அட்டையைச் செருக வேண்டும், அதில் கட்டில் நம்பரும் நேரமும் எழுத வேண்டும். யாரோ ஒரு மூட்டைக்குள் கத்தரிக்கோலை விட்டுவிட, அது ஒரு மெஷினைக் கடித்துக் குதறிவிட்டது. எந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் ஆளைப் பிடிக்கலாமே என்பது அவள் கணக்கு. ஆயாக்கள் முணுமுணுத்தார்கள். நான் உரக்கவே சொன்னேன்: “அழுக்குத் துணிக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் கேக்குறாங்கப்பா நம்ம சூப்பர்வைசரம்மா.” கூடமே சிரித்தது. அவளும் கேட்டாள். ஆனால் அட்டையை விடவில்லை. ஒரு வருடம் விடாமல் மாடி மாடியாக ஏறிச் சண்டை போட்டுப் பழக்கிவிட்டாள்.

பெரிய சண்டை அதற்குப் பிறகு வந்தது, அதில் தப்பு என்னுடையது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு யார் வந்தாலும் போகாது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான். பதினான்கு வருடக்காரி நான், ஒரு மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகள் இருபத்திரண்டையும் போட்டுச் சுடுதண்ணீர்ப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். தலை சுற்றிக்கொண்டிருந்தது. துணி வெளியே வந்தபோது அத்தனையும் பழுப்புத் திட்டுத் திட்டாக இருந்தது.

தராசு ஒரு விரிப்பைக்கூடக் கழித்துக்கட்ட விடமாட்டாள். கிழிந்தால் தைப்பாள், ஒட்டுப் போடுவாள், கறை இருந்தால் மூன்று நாள் ஊறவைத்துத் தேய்ப்பாள். அப்படியும் தேறாததைத்தான் தரை துடைக்கத் துண்டு போடுவோம். அவளிடம் இருபத்திரண்டு விரிப்பைத் தூக்கிக் காட்டினால் என்ன ஆகும்?

“பதினாலு வருஷம் வேலை பாத்த கையா அக்கா இது?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். அவள் அப்பாவுக்குக் காது கேட்காது. வீட்டில் கத்திக் கத்திப் பழகியதால் அவளுக்குச் சாதாரணப் பேச்சே ஊருக்குக் கேட்கும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்று சுருக்கென்று குத்திவிட்டது. தலை சுற்றியது என்றும் சொல்லவில்லை, ஐந்தாம் மாதம் என்றும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன்.

நான்கு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதை உலர்த்தி மெஷின் பார்க்கும் அண்ணன் மூலமாகப் பேசினோம். அவள் என் பக்கத்தில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, “அண்ணே, தலையணை உறை மடிச்சாச்சான்னு அவங்ககிட்ட கேளுங்க” என்பாள். நான், “மடிச்சு அடுக்கி அரை மணி நேரம் ஆச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே” என்பேன். அண்ணன் நடுவில் நின்று, “கேட்டுச்சா? கேட்டுச்சுல்ல? அப்ப நான் என் வேலையைப் பாக்கவா?” என்பார்.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். இரண்டு முறை வந்து தங்காமல் போயிருந்தது. மூன்றாவதாகத் தங்கிய இந்த உயிரை நான் யாரிடமும் பேசிக் கொண்டாடவில்லை, கண் பட்டுவிடும் என்ற பயம்தான். எட்டாம் மாதம் லீவு போட்டபோதுகூடச் சலவைக்கூடத்தில் யாரிடமும் நாள் தேதி சொல்லவில்லை. பயம் பாதி, வீம்பு பாதி.

அந்த நாள் காலையில் என் வீட்டுக்காரரின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. அவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். அப்போதுதான் பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸோடு தெருமுனைக்கு வந்திருந்தார். மாமியார் ஓடிப்போய்க் கூப்பிட்டார். வேறு வண்டி தேடுகிற பொறுமை வீட்டுக்காரருக்கு இல்லை, பஸ்ஸையே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நானும் மாமியாரும் மட்டும். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான இருக்கை, எனக்குப் பாதி உடம்புதான் அதில் அடங்கியது. யாரோ ஒரு குழந்தை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் வளைவுக்கு வளைவு உருண்டு வந்து என் காலில் முட்டியது. வலி வரும்போது முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “மெதுவாப் போங்க” என்று கத்தினேன். மெதுவாகப் போனதும் “என்ன உருட்டுறீங்க, வேகமாப் போங்க” என்று கத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன், மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

பிரசவ அறையில் என்னைப் படுக்கவைத்ததும் முதலில் கண்ணில் பட்டது விரிப்பின் ஓரத் தையல்தான். நான் போட்ட தையல். பதினான்கு வருடத்தில் இந்த அறைத் துணியை எத்தனை ஆயிரம் முறை துவைத்திருப்பேன். துணியைப் பார்த்தே சொல்வேன், இந்தப் பிரசவம் சட்டென்று ஆனது, இது இழுத்தடித்தது என்று. அறையைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. பாடுபட்டுத் தேய்த்ததாயிற்றே என்று, அழுக்காகாமல் இருக்க ஓரமாக ஒடுங்கிப் படுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “எதுக்கும்மா இப்படி ஓரத்துல தொங்குறீங்க?” என்றார்.

“விரிப்பு வீணாயிடும் டாக்டர்.”

“ஆகட்டும், கீழ துவைக்க ஆள் இருக்கு.”

“அந்த ஆளே நான்தானே டாக்டர்” என்றேன். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அதுதான் கடைசியாக நான் சிரித்தது. அப்புறம் வந்த வலிக்கு முன்னால் வாயும் இல்லை, வீம்பும் இல்லை. இடுப்பை யாரோ இரண்டு பக்கமும் பிடித்துத் துணியைப் பிழிவது மாதிரிப் பிழிந்தார்கள். அம்மா என்றேன், அப்பா என்றேன், செத்துப்போன சின்ன அத்தையைக்கூடக் கூப்பிட்டேன். இந்த மனிதனோடு இனி ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தமாட்டேன் என்று சிஸ்டரிடம் சத்தியம் செய்தேன். “எல்லாரும் இதான் சொல்றாங்க, முக்குங்க” என்றாள் அவள்.

பன்னிரண்டேகாலுக்குப் பெண் பிறந்தாள். உடனே அழவில்லை. டாக்டரம்மா தலைகுனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். அந்த அரை நிமிடத்தில் எனக்குப் பதினோரு வருடமும் மறுபடி ஓடியது. பிறகு ஒரு தும்மல், அதன் பின்னால் ஒரு வீறல். என் நெஞ்சின் மேல் கொண்டுவந்து போட்டார்கள். வழவழவென்று, சூடாக, முகம் முழுக்கக் கோபத்தோடு கிடந்தாள். கோபம் என் பக்கத்துச் சொத்து. “வந்துட்டியா” என்றேன்.

ஒரு மணிக்கு என்னை வார்டுக்கு மாற்றினார்கள். ஏழாம் நம்பர் கட்டில், சன்னலோரம். வீட்டுக்காரர் வந்து பிள்ளையைப் பார்த்தார், என் நெற்றியில் கை வைத்தார், மணியைப் பார்த்தார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், நாற்பது பிள்ளைகள் காத்திருக்கும். “போயிட்டு வந்துடுங்க, நான் எங்கயும் போகல” என்று நான்தான் அனுப்பிவைத்தேன். மாமியார் குழந்தையைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று ஆராய ஆரம்பித்தார். நல்லதெல்லாம் அவர் பக்கம் வந்துகொண்டிருந்தது.

எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. இலேசாகக் குளிர்ந்தது. வலி போய்விட்டது, பயம் போய்விட்டது, யார் மேலும் கோபம் இல்லை. என் வாழ்க்கையில் நான் அப்படி யார் மேலும் கோபம் இல்லாமல் இருந்ததே கிடையாது. இதுதான் போலிருக்கிறது நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். ஆயா வந்து அடியில் விரிப்பை மாற்றினாள். பிறகு ஒருமுறை மாற்றினாள். “களைச்சுப்போயிருக்கா, தூங்கட்டும்” என்றார் மாமியார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த மத்தியானம் பிரசவ அறையில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மாவும் சிஸ்டர்களும் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு ஆயாக்கள் ஷிஃப்ட் மாறினார்கள். முதல் இரண்டு விரிப்பை மாற்றியவள் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாவதை மாற்றியவள் அதுதான் முதல் என்று நினைத்தாள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் மேலே ஒருவரும் இல்லை.

கீழே ஒருத்தி இருந்தாள்.

பிறகு உலர்த்தி அண்ணன் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். முதல் மூட்டை ஒன்றேகால் மணிக்கு விழுந்திருக்கிறது. தராசு கையில் தூக்கி எடையைச் சொல்லி, அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறாள். ஏழாம் கட்டில். பிரசவம் என்றால் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது மூட்டை இரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால். அதையும் தூக்கினாள், எடை சொன்னாள், எழுதினாள், ஆனால் உடனே மெஷினில் போடாமல், இன்னும் மெஷினுக்குப் போகாத முதல் மூட்டையோடு சேர்த்து ஓரமாக வைத்தாளாம். இரண்டு இருபதுக்கு மூன்றாவது மூட்டை விழுந்தது. தூக்கினாள். எடை சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, இதுவும் ஏழு” என்றாளாம். “ஒரு மணி நேரத்துல ஒரே கட்டில்லேருந்து மூணு. ஒவ்வொண்ணுலயும் அரைக் கிலோவுக்கு மேல ஏறியிருக்கு. இது தண்ணி கனம் இல்லண்ணே. அந்தப் பொண்ணு போய்க்கிட்டிருக்கா.”

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. குதிகால் வலிக்காரி, படி ஏறவே முனகுகிறவள், மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறியிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்தது அவள் குரல்தான். வார்டு வாசலில் நின்று, “ஏழாம் நம்பர் யாரு? ஏழு எங்க இருக்கு?” என்று அவள் போட்ட கூச்சலில் அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக அழ ஆரம்பித்தன. கட்டிலருகே வந்து என் முகத்தைப் பார்த்தவள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

“டாக்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க! யாராவது வாங்க!” என்று கத்திவிட்டு, என் கன்னத்தில் தட்டினாள். “அக்கா, கண்ணைத் திறங்க. தூங்கக்கூடாது. ஏய், கண்ணைத் திறடி! உன்னைத்தான் சொல்றேன், திற!”

நான்கு மாதம் பேசாதவள் என்னை ‘டீ’ போட்டுக் கூப்பிடுகிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யாரைப் பாத்து டீங்கிற?” என்று கேட்டேனாம்.

“உன்னைத்தாண்டி! திட்டு, நல்லாத் திட்டு, தூங்காத” என்றாள்.

அப்புறம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. டாக்டரம்மா ஓடிவந்து என் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினார். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டுமாம், எனக்குச் சுருங்காமல் தளர்ந்து கிடந்ததாம். ஒரு ஊசி, இன்னொரு ஊசி, இரண்டு கையிலும் ட்ரிப்ஸ். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாமியார் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்று, ஜாடையெல்லாம் மறந்து, “அவ அம்மா மாதிரியே இருக்கட்டும், அவ அம்மா இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த நிம்மதி நிம்மதியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இந்தக் குழந்தை யாரையாவது அம்மா என்று கூப்பிட்டால் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குத்தான் டாக்டரம்மா நிமிர்ந்தார். “இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா என் கையில இல்லம்மா” என்றார். பிறகு தராசைப் பார்த்து, “எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்டார்.

“கனமா இருந்துச்சு டாக்டர்” என்றாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வீட்டுக்காரர் நாற்பது பிள்ளைகளையும் வீடு சேர்த்துவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து தராசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவள் சங்கடப்பட்டு, “கையெல்லாம் சோப்பு அண்ணா” என்று இழுத்துக்கொண்டாள்.

எனக்காகத்தான் ஓடிவந்தாள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மறுநாள் கேட்டேன். “நான்தான் அதுன்னு தெரியுமா உனக்கு?”

“உங்களுக்கு நேத்து நாளுன்னே யாரும் சொல்லலையே” என்றாள். “ஏழாம் நம்பர்னுதான் தெரியும்.”

அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். பெயர் தெரியாத ஒரு ஏழாம் நம்பருக்காக அந்தக் குதிகாலோடு மூன்று மாடி ஏறியிருக்கிறாள். நான் கிண்டலடித்த அந்த அட்டையை வைத்து, நான் கிண்டலடித்த அந்தக் கையை வைத்து. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். நன்றி என்றும் சொன்னேன். இரண்டையும் தூது இல்லாமல் நேராகச் சொன்னேன். அவள், “சரி சரி, அழாதீங்க, தையல் பிரிஞ்சுடப் போகுது” என்று அதட்டினாள். எனக்கு ஏற்றிய பாட்டில்களுக்குப் பதிலாக ரத்தம் கொடுத்துவிட்டு வந்த உலர்த்தி அண்ணன் கதவோரமாக நின்று, “நாலு மாசம் பேச்சைக் கொடுத்தேன், இப்ப ரத்தத்தையும் கொடுத்தாச்சு. இனிமேலாவது என்னை விடுவீங்களா?” என்றார்.

குழந்தைக்கு ஐந்து மாதமானதும் வேலைக்குத் திரும்பினேன். மாமியார் பார்த்துக்கொண்டார். முதல் நாள் தராசு எனக்கு லேசான வேலையாகக் கொடுத்தாள். கழித்துக்கட்டிய துணியைத் தரை துடைக்கிற அளவுக்குத் துண்டு போட வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

குவியல் சின்னதுதான். அவளிடம் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். அதன் அடியில் மூன்று விரிப்புகள் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் என் தையல். நடுவில் பழுப்பாக, பெரிதாக, இறுகிப்போன கறை. அன்று அவள் போட்டது போட்டபடி ஓடிவிட்டாள் அல்லவா? அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்த ஒருத்தி மூன்று மூட்டையையும் அள்ளிச் சுடுதண்ணீரில் போட்டிருக்கிறாள்.

ஊறவைத்த தடம் தெரிந்தது. தேய்த்துத் தேய்த்து நூல் மெலிந்திருந்தது. ஐந்து மாதம் முயன்று பார்த்திருக்கிறாள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் தகரக் குழாய்க்குப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“என்னக்கா, வெட்டலையா?”

“உனக்கு ஒரு விரிப்பு போனாலே தாங்காதே” என்றேன். “மூணு போயிடுச்சே.”

அவள் மூட்டையை எடைமெஷினில் இறக்கிவைத்தாள்.

“துணிதானே அக்கா, போனாப் போகுது. நீங்க இருக்கீங்கல்ல. வெட்டுங்க.”

வெட்டினேன்.